இருக்கையின் மென்மை எங்கே போகிறது?

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் உங்கள் பழைய பென்சில் பெட்டியைத் திறந்து பார்த்ததுண்டா? அழிக்கும் ரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். பிய்த்து எடுத்தால் ஸ்கேலில் எண்கள் அழிந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கும். வெயிலில் ரப்பர் உருகிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்வோம். ஆனால் ரப்பர் உருகவில்லை. அதற்குள்ளிருந்து ஏதோ ஒன்று கசிந்து, ஸ்கேலுக்குள் புகுந்து, அதை இளக்கிவிட்டிருக்கிறது. ரப்பரைச் சுற்றிக் காகித உறை போட்டு விற்கிறார்களே, அதுவும் வெறும் அழகுக்காக அன்று.

அந்த 'ஏதோ ஒன்று' எது என்று தெரிந்துகொண்டால், காரின் இருக்கை ஏன் மெத்தென்று இருக்கிறது, சில ஆண்டுகளில் ஏன் விறைத்து வெடிக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். மூன்றாவதாக ஒரு கேள்வியும் எழும். அதை உங்களிடம் கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மானாம்பதி. உத்திரமேரூருக்கு அருகிலுள்ள விவசாயக் கிராமம். 1998 இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையும், 2010 இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கூட்டுத் தொழிற்சாலையும் கார் தயாரிக்கத் தொடங்கின. அதன்பின் இந்த வட்டாரத்து இளைஞர்கள் பலர் ஏர் பிடிக்கும் நேரத்தில் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். கார்கள் பெருகியதோடு சாலையோரக் குஷன் கடைகளும் பெருகின. நான் கல்லூரிக்குப் போய்வரும் வழியிலும் அப்படி ஒரு கடை உண்டு. கார், வேன், டிராக்டர், பைக் எல்லாவற்றின் சீட்டுக்கும் அங்கே ரெக்சின் உறை தைப்பார்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளை மாலையில் குவித்துத் தீ வைப்பார்கள். கரும்புகை எழும், தொண்டை கரிக்கும். சைக்கிளில் வீடு திரும்பும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். இயற்பியல் கற்பிக்கும் நானும் பல மாதங்கள் அப்படித்தான் போனேன்.

ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "சார், புது சீட்டு வாசனை நல்லாத்தானே இருக்கு? எரிச்சா மட்டும் ஏன் இப்படி நாறுது?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி எளியது, விடை நீளமானது.

சேமியாவும் எண்ணெயும்

ரெக்சினின் மேற்பூச்சு பெரும்பாலும் பி.வி.சி. எனப்படும் பாலிவினைல் குளோரைடு. உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பொருள்தான். ஒன்று கம்பு போல் விறைப்பாக நிற்கிறது. மற்றொன்று துணி போல் மடிகிறது. ஒரே பொருளுக்கு இரண்டு குணம் எப்படி வந்தது?

பி.வி.சி. என்பது ஆயிரக்கணக்கான சிறு மூலக்கூறுகள் கைகோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு குளோரின் அணு தொங்குகிறது. குளோரின் பக்கம் சிறிது எதிர் மின்னூட்டமும், கார்பன் பக்கம் சிறிது நேர் மின்னூட்டமும் இருப்பதால், பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. சுமார் 80 டிகிரி செல்சியசுக்குக் கீழே அவை அசைய இடமில்லை. அந்த வெப்பநிலையைக் 'கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை' என்கிறோம். அதற்குக் கீழே பொருள் கண்ணாடி போல் விறைக்கும். மேலே ரப்பர் போல் வளையும்.

வேகவைத்த சேமியாவை அப்படியே ஆறவிட்டால் ஒரே கட்டியாகிவிடும். ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கிளறினால் இழை இழையாக வழுக்கும் அல்லவா? அதே வேலையைத்தான் ரெக்சின் தொழிற்சாலையிலும் செய்கிறார்கள். பி.வி.சி. சங்கிலிகளுக்கிடையே எளிதில் ஆவியாகாத ஓர் எண்ணெயைப் புகுத்துகிறார்கள். இதற்கு நெகிழ்வூட்டி என்று பெயர். தொழிலில் பிளாஸ்டிசைசர் என்பார்கள். எண்ணெய் மூலக்கூறுகள் இடையில் நின்று சங்கிலிகளை விலக்கி வைக்கின்றன. கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை 80 டிகிரியிலிருந்து சுழியத்துக்கும் கீழே இறங்குகிறது. நம் ஊர் வெப்பத்தில் அது எப்போதும் மெத்தென்று இருக்கிறது. தோல்துணி செய்யும்போது 100 பங்கு பி.வி.சி.க்கு 60 முதல் 80 பங்கு வரை நெகிழ்வூட்டி சேர்ப்பது வழக்கம். ஆகவே நீங்கள் அமர்வது பாதி பிளாஸ்டிக்கின் மீது, பாதி எண்ணெயின் மீது என்று சொன்னால் பெரிய தவறில்லை.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் நிறுத்துங்கள். அந்த எண்ணெய்க்கும் சங்கிலிக்கும் வேதிப்பிணைப்பு எதுவும் கிடையாது. சேமியாவின் மீது நல்லெண்ணெய் இருப்பது போலத்தான் அது அங்கே இருக்கிறது. வீட்டுக்காரர் அல்ல, விருந்தாளி.

கற்பூரத்தில் தொடங்கிய கதை

இந்தத் தந்திரம் பழையது. 1870 இல் அமெரிக்கரான ஜான் வெஸ்லி ஹயாட், பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திக் கிடைத்த நைட்ரோசெல்லுலோசோடு கற்பூரத்தைச் சேர்த்துச் செல்லுலாயிடு செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். அங்கே நெகிழ்வூட்டி, நம் பூசை அறையில் இருக்கும் அதே கற்பூரம். இங்கிலாந்தில் நைட்ரோசெல்லுலோசைத் துணியில் பூசித் தோல் போல் அச்சிட்டு 'ரெக்சின்' என்ற பெயரில் விற்றார்கள். நிறுவனத்தின் பெயர் நம் நாட்டில் பொருளின் பெயராகவே நிலைத்துவிட்டது. அக்காலத் தோல்துணிகளில் ஆமணக்கு எண்ணெயையும் நெகிழ்வூட்டியாகச் சேர்த்தார்கள்.

1926 இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் என்ற வேதியியலர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தார். யாரும் பயனறியாத பி.வி.சி.யை அதிகக் கொதிநிலையுள்ள ஒரு திரவத்தில் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை, இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் மென்மையான பொருள் கிடைத்தது. இன்றைய ரெக்சினின் பிறப்பு அதுவே.

அதே குட்ரிச் நிறுவனத்தின் கூட்டுறவோடு, 1967 இல் நம் மேட்டூரில் கெம்பிளாஸ்ட் நிறுவனம் பி.வி.சி. தயாரிக்கத் தொடங்கியது. தோல்துணிக்கென்றே மாவு போல் நுண்ணிய 'பேஸ்ட்' வகைப் பி.வி.சி.யும் மேட்டூரில் தயாராகிறது. அதை நெகிழ்வூட்டியோடு கலந்தால் தோசை மாவு போன்ற கூழ் கிடைக்கும். தோலின் வரிகள் அச்சான காகிதத்தின் மீது அக்கூழைப் பரப்பி, 180 முதல் 200 டிகிரி வரை சூடான அடுப்பினுள் செலுத்துவார்கள். மாவு எண்ணெயை உறிஞ்சி ஒரே படலமாகிவிடும். நடு அடுக்கில் நைட்ரஜன் வாயுவை விடும் பொருளைக் கலந்தால் அது பொங்கிப் பஞ்சு போலாகும். பின்புறம் துணியை ஒட்டி, காகிதத்தை உரித்தால் 'தோல்' தயார். மாட்டை அறியாத தோல்!

கடன் வாங்கிய மென்மை

விருந்தாளி என்றேனே, விருந்தாளி ஒருநாள் புறப்படத்தானே வேண்டும்?

சித்திரை வெயிலில் கண்ணாடிகளை மூடி நிறுத்திய காரின் டாஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். வெப்பநிலை உயர உயர எந்தத் திரவத்தின் ஆவியழுத்தமும் வேகமாக உயரும் என்பதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். நெகிழ்வூட்டி சிறிது சிறிதாகப் பரப்புக்கு வந்து ஆவியாகிறது. புதுக் காரின் 'வாசனை'யில் அப்படி வெளியேறும் பொருள்களுக்குப் பங்குண்டு. இரவில் குளிர்ந்த முன்கண்ணாடியில் அது படிந்து, உட்புறம் துடைத்தாலும் எளிதில் போகாத மங்கலான பிசுக்காகிறது. கார்த் தொழிலில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. கண்ணாடிக் குவளையில் தோல்துணித் துண்டை இட்டு 100 டிகிரியில் சூடாக்கி, மேலே குளிர்ந்த கண்ணாடித் தகட்டை மூடி, அதில் எவ்வளவு பிசுக்குப் படிகிறது என்று அளப்பார்கள்.

எண்ணெய் போகப் போகச் சங்கிலிகள் மீண்டும் நெருங்குகின்றன. ஒரு காலத்தில் மெத்தென்றிருந்த சீட்டு மறுபடியும் குழாயின் குணத்துக்குத் திரும்புகிறது. விறைக்கிறது, உட்காரும் இடத்தில் வெடிக்கிறது. பென்சில் பெட்டியில் ரப்பரிலிருந்து ஸ்கேலுக்குப் போனதும் இப்படிப்பட்ட விருந்தாளியே. தட்டில் வைத்த கற்பூரம் தானே கரைந்து போவதைப் பார்த்த நம் பாட்டிகள் அதோடு நாலு மிளகைப் போட்டு வைத்தார்கள். ரெக்சினுக்குப் போட மிளகு இல்லை.

போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா? நெடுங்காலமாக மிக அதிகமாகப் பயன்பட்ட நெகிழ்வூட்டி, டி.ஓ.பி. என்று தொழிலில் அழைக்கப்படும் தாலேட்டு வகை எண்ணெய். விலங்குகளில் செய்த சோதனைகளில் அது இனப்பெருக்க உறுப்புகளைப் பாதிப்பது தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008 இல் அதைக் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. 2015 முதல் தனி அனுமதியின்றிப் பயன்படுத்தக்கூடாது என்றது. இந்தியாவிலும் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தரச் சான்று கட்டாயமாயிற்று. அத்தர விதிகளில் சில தாலேட்டுகளுக்கு வரம்பு உண்டு. குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கு வரம்பு வைத்தது நல்லதே. ஆனால் அக்குழந்தை தூங்கி வரும் கார் சீட்டையும் நாம் நினைக்க வேண்டாமா?

மென்மைக்கு வேறு வழிகள்

மென்மைக்கு எண்ணெய் ஒன்றுதான் வழியா? இல்லை. மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி, எளிதில் புறப்படாத விருந்தாளியைச் சேர்ப்பது. மூலக்கூறு பெரிதாக இருந்தால் ஆவியாவதும் நகர்வதும் கடினம். டிரைமெல்லிட்டேட் வகை எண்ணெய்கள் அப்படிப்பட்டவை; அதிக வெப்பம் தாங்க வேண்டிய இடங்களில் சேர்க்கிறார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், எண்ணெய்க்குப் பதிலாக நைட்ரைல் ரப்பரைப் பி.வி.சி.யோடு கலப்பதும் உண்டு. ரப்பரும் நீண்ட சங்கிலி என்பதால் பி.வி.சி. சங்கிலிகளோடு பின்னிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும்.

இரண்டாவது வழி, மென்மையைச் சங்கிலிக்குள்ளேயே கட்டிவிடுவது. 1937 இல் ஜெர்மானியர் ஓட்டோ பேயர் கண்டறிந்த பாலியூரித்தேன் இத்தகையது. மல்லிகைச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பூக்களை நெருக்கிக் கட்டிய இடம் விறைப்பாக நிற்கும். நார் மட்டும் உள்ள இடம் வளையும். பாலியூரித்தேன் சங்கிலியிலும் கெட்டியான பகுதிகளும் இளகிய பகுதிகளும் மாறி மாறி வருகின்றன. இளகிய பகுதியைச் செய்ய ஆமணக்கு எண்ணெயையும் பயன்படுத்தலாம். வேடிக்கையைப் பாருங்கள்! பழைய தோல்துணியில் விருந்தாளியாக வந்து போன அதே ஆமணக்கு எண்ணெய், இங்கே வேதிப்பிணைப்பால் குடும்பத்தில் ஒருவராகிவிடுகிறது. உலகில் மிக அதிகமாக ஆமணக்கு விளைவிக்கும் நாடு நம் இந்தியா என்பதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஏனெனில் அது இயற்பியல். 1970 இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகாமோட்டோ என்பவர் மிக மிக மெல்லிய பாலியஸ்டர் இழைகளைச் செய்தார். அவற்றைப் பின்னி, பாலியூரித்தேனால் பிணைத்தபோது மான்தோல் போன்ற துணி கிடைத்தது. கார் இருக்கைகளுக்கு அது வந்துவிட்டது. பாலியஸ்டர் ஒன்றும் மென்மையான பொருள் அன்று. தண்ணீர்ப் பாட்டிலும் பாலியஸ்டர் வகைதான். பிறகு மென்மை எப்படி? ஓர் இழையை வளைக்கத் தேவைப்படும் விசை அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 60 மைக்ரான் தடித்த ஓர் இழைக்குப் பதில் 3 மைக்ரான் இழை என்றால், விட்டம் 20 இல் ஒரு பங்கு. விறைப்பு 1,60,000 இல் ஒரு பங்கு. அதே கனம் வருவதற்கு 400 இழைகளைச் சேர்த்தாலும் மொத்த விறைப்பு 400 இல் ஒரு பங்குதான். ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் மென்மை வந்துவிட்டது!

இவை எல்லாம் குறையற்றவை என்று நான் சொல்லமாட்டேன். பாலியூரித்தேனில் ஒருவகை, ஈரக் காற்றில் நீராற்பகுப்பு அடைந்து செதில் செதிலாக உரியும். கடலோரத் தமிழ்நாட்டில் சோபா உரிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்ய உதவும் ஐசோசயனேட்டுகள், கவனமின்றிக் கையாண்டால், தொழிலாளியின் நுரையீரலைக் கெடுப்பவை. நுண்ணிழைத் துணியோ விலை அதிகம். டிராக்டருக்கும் பழைய வேனுக்கும் உறை போடும் எங்கள் ஊர்க்காரரிடம் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

அப்படியானால் அசல் தோலே மேலா என்று கேட்பீர்கள். அதுவும் அவ்வளவு எளிதன்று. தோலும் எண்ணெய் ஊட்டித்தான் மென்மையாக்கப்படுகிறது. வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றில் கலந்ததைப் பற்றி 1996 இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளிக்க நேர்ந்தது. அந்தப் பாலாறுதான் எங்கள் வட்டாரத்துக்கும் வந்து, திருமுக்கூடலில் செய்யாற்றோடு கலக்கிறது. பி.வி.சி.யின் வரலாற்றிலும் கறை உண்டு. சங்கிலியாகும் முன் அது வினைல் குளோரைடு என்னும் வாயு. 1974 இல் குட்ரிச்சின் அமெரிக்க ஆலையொன்றில் அந்த வாயுவோடு வேலை செய்த தொழிலாளர்கள் அரிய வகைக் கல்லீரல் புற்றுநோயால் இறந்தது வெளிப்பட்டது. அதன் பிறகே ஆலைகளில் அந்த வாயுவுக்குக் கடுமையான வரம்புகள் வந்தன.

எட்டு மோல் கணக்கு

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். பி.வி.சி.யின் ஒரு கண்ணியில் கார்பன் 2, ஹைட்ரஜன் 3, குளோரின் 1. எடையைக் கூட்டுங்கள்: 24 + 3 + 35.5 = 62.5. இதில் குளோரின் மட்டும் 35.5, அதாவது நூற்றுக்கு 57 பங்கு. ஒரு கிலோ ரெக்சின் துண்டில் பாதி பி.வி.சி. என்று வைத்துக்கொண்டால், 500 ஐ 62.5 ஆல் வகுக்க 8 மோல். எரியும்போது குளோரின் முழுவதும் ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறினால் 8 மோல் வாயு. எடை 292 கிராம். திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஏறத்தாழ 180 லிட்டர். பதினைந்து லிட்டர் குடமாக இருந்தால் பன்னிரண்டு குடம்! தொண்டையின் ஈரத்தில் அது கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். போதாக்குறைக்கு, குப்பையோடு குளோரின் பொருள்களை அரைகுறையாக எரித்தால் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் உண்டாகலாம். 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்தன. ஆனால் விதி புத்தகத்தில் இருந்தது. புகை எங்கள் சாலையில் இருந்தது.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு குஷன் கடைக்காரரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரிங்க சார், எரிக்கல. எங்க போடறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். எனக்குப் பதில் இல்லை. இப்போது பெரிய துண்டுகளைச் சைக்கிள் சீட்டு உறைக்கும் பைக்கும் எடுத்துக்கொள்கிறார். மிச்சத்தை மூட்டை கட்டி வைத்திருக்கிறார். எரிப்பது நின்றது. மூட்டைகள் கடையின் பின்னால் ஏறிக்கொண்டே இருக்கின்றன.

அவருடைய கேள்விதான் நான் தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது கேள்வி. மென்மையைச் சேர்த்தவர் ஒருவர். அது போகும் இடத்தில் நிற்பவர் வேறொருவர். இதற்குப் பொறுப்பு யாருடையது?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாலிமரை மாற்றியமைக்கும்போது 'எவ்வளவு மென்மை, என்ன விலை' என்று மட்டும் கேட்பது பாதி அறிவியல். 'அந்த மென்மையை எது பிடித்து வைத்திருக்கிறது, விட்டுப் போனால் எங்கே போகும்' என்று கேட்பதே முழு அறிவியல். கடையில் ரெக்சின் சுருள்களைப் புரட்டிப் பார்த்தேன். நீளம், அகலம், நிறம் இருந்தன. எந்த பிளாஸ்டிக், எந்த நெகிழ்வூட்டி என்று ஒரு சுருளிலும் காணவில்லை. அந்த இரண்டு வரிகளை அச்சிடச் செய்ய வேண்டும் என்கிறேன். அது இருந்தால்தான் வாங்குபவர் தெரிந்து வாங்க முடியும். துண்டுகளைத் தரம் பிரித்து மீண்டும் பயன்படுத்தவும் முடியும். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகள், தயாரிப்பாளரின் பொறுப்பை எஃகின் எடையைக் கொண்டு கணக்கிடுகின்றன. நல்ல தொடக்கம். இரும்புக்கு விலை உண்டு. அதை எப்படியும் யாராவது எடுத்துப் போவார்கள். யாரும் எடுத்துப் போகாத இருக்கைத் தோலுக்கு அல்லவா கணக்கு இன்னும் அவசியம்?

உத்திரமேரூர் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வரக்கூடாது என்று அதில் ஒரு விதி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப்பக்கத்து மக்கள் மனிதரிடம் கேட்ட கணக்கை, இன்று நாம் பொருள்களிடம் கேட்பது தவறாகாது.

சென்னை அடையாற்றில் 1948 இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மேட்டூரில் பி.வி.சி. இருக்கிறது. ஒரகடத்தில் கார் இருக்கிறது. வயலில் ஆமணக்கு விளையும். நம் வெயிலுக்கும் ஈரக் காற்றுக்கும் ஏற்ற, எளியவருக்கு விலை கட்டுபடியாகும், மென்மையை விட்டுவிடாத ஒரு செயற்கைத் தோலை நீங்கள் செய்ய வேண்டும். உங்களில் ஒருவர் செய்வார் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

அதுவரை ஒரு சிறு சோதனை. குஷன் கடையில் ஒரே சுருளின் இரண்டு துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். பள்ளி ஆய்வகத் தராசில் இரண்டையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை அலமாரியில் வையுங்கள். மற்றதை வெயில் படும் சன்னலில், கண்ணாடிக்குள் வையுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், தூசு துடைத்து எடை பாருங்கள். ஓர் ஆண்டு பொறுமை வேண்டும். வித்தியாசம் சில மில்லிகிராம்தான் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எதுவானாலும் வந்ததை வந்தபடியே எழுதுங்கள். காணாமற்போன எடை எங்கே போயிருக்கும் என்று சிந்தியுங்கள். கணக்குக் கேட்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.